பாதி மாத்திரை

மே மாதத்தில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கனகாம்பாள் தன் நாற்பத்தொன்பது வயதில் அன்றைக்குத்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. கரண்ட் போய் மின்விசிறி சும்மா தொங்கியது. பபேடான் தெருவில் மூன்று மாடி ஏறி வந்ததில் அவளுக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. குடைக்கடை பீர் முகைதீனோ சாய்வு நாற்காலியில், காலுறையும் போர்வையுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு இருந்தார்.

"நாமெல்லாம் ரங்கூன்ல இருக்கோம், பாய் மட்டும் மேமியோ மலையில இருக்காரு போல" என்று அவள் ராஜரத்தினத்தின் காதைக் கடித்தாள்.

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடித் தேடியே சிரிப்பைத் தொலைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு பார்சலை விட்டுவிட்டு மனிதர்களின் சங்கதிகளைத் துருவ ஆரம்பித்திருந்தார். கனகாம்பாள் பன்சொடான் தெரு நடைபாதையில் டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக் கொடுப்பவள். அவர் துப்புத் துலக்கப் போகும் நாட்களில் டைப்ரைட்டரைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு, நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பிவிடுவாள். அவருக்கு மூளை, எனக்கு வாய் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

"எனக்கு விஷம் வெக்கிறாங்க, ராஜரத்தினம்" என்றார் பீர் முகைதீன். "வெளியாள் இல்ல. மருமக."

அவர் சொன்ன கதை இது. ஆறு வருஷமாக அவருக்கு ரத்தக்கொதிப்பு. பசுந்தாங்கில் டோ சான் யீ என்ற டாக்டரம்மா மாதாமாதம் காகிதப் பொட்டலத்தில் வெள்ளை மாத்திரை தருவார், காலையில் ஒன்று. அதுவரை ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதமாகத்தான் கை கால் எல்லாம் சில்லிட்டுப் போகிறது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. மூன்று தடவை பொத்தென்று விழுந்தே விட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை மருமகள் நிலோஃபர் கைக்குப் போனது. லைங் தாயா தையல் ஃபாக்டரியில் வேலை பார்த்த பெண். மகன் தவ்ஹீத் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் யாருக்கும் அதில் சந்தோஷம் இருந்ததில்லை.

தவ்ஹீத் சரக்கு வாங்க மாண்டலே போயிருந்தான், சாயந்திர ரயிலில் வருகிறான். அவன் வருவதற்குள், ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஜமாத்துப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் பேசி முடித்து நிலோஃபரை அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. போனவள் திரும்பி வருவதென்பது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

ராஜரத்தினம் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "கை சூடாத்தானே இருக்கு?"

"புதன்கிழமையிலேருந்து மாத்திரையே தொடல, ரெண்டு நாளா அந்தச் சில்லும் இல்ல. காலுறை பழக்கத்துல போட்டது. இப்ப நெஞ்சுதான் திடுதிடுன்னு அடிக்குது. உள்ள போன விஷம் வெளியேறுது, வேறென்ன?"

அப்போது அவர் மனைவி மதீனா பீவி ஒரு மருதாணி டப்பாவைக் கொண்டுவந்து செய்தித்தாள் மேல் கவிழ்த்தாள். பாதி பாதியாக உடைத்த வெள்ளை மாத்திரைகள் விழுந்தன. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நிலோஃபரின் பெட்டிக்குள் அகப்பட்டதாம். என்னவென்று கேட்டால் அவள் வாயைத் திறக்கவில்லையாம். போன வாரம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பசுந்தாங் பஸ்ஸில் ஏறியதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாளாம். கனகாம்பாளுக்கு அப்போதே பாதி தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மருதாணி டப்பாவில் மாத்திரை ஒளித்து வைப்பவள் நல்லவளாக இருக்க முடியுமா? அவள் நோட்டில் நிலோஃபர் பெயருக்குக் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

ராஜரத்தினம் மாத்திரைத் துண்டுகளை வரிசையாக அடுக்கினார். பதினொன்று. டாக்டரம்மாவின் பொட்டலத்திலிருந்து முழு மாத்திரை ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அதே வெள்ளை, நடுவில் அதே கோடு.

"இது பாய் சாப்பிடுற மாத்திரையேதான்" என்றார்.

"அப்ப அதுல எதையாவது தடவியிருப்பா" என்றாள் மதீனா பீவி.

"தடவுறவ முழு மாத்திரையில தடவி முழுசாக் கொடுப்பாம்மா. பாதியை உடைச்சு எதுக்குப் பெட்டியில சேர்த்து வைக்கணும்?" அவர் பீர் முகைதீன் பக்கம் திரும்பி, விழுந்த தேதிகளைக் கேட்டார். கனகாம்பாள் எழுதிக்கொண்டாள். இரண்டாவது தடவை விழுந்தது போன வாரத்துக்கு முந்தின வார வியாழக்கிழமை. மூன்றாவது, போன ஞாயிற்றுக்கிழமை. டப்பா அகப்பட்டது இந்தச் செவ்வாய்.

"இரண்டாவது தடவை விழுந்த மறுநாள்லேருந்து டப்பா அகப்பட்ட நாள் வரைக்கும் எத்தனை நாள், கனகாம்மா?"

அவள் விரலை மடக்கினாள். "பன்னிரண்டு."

"துண்டு பதினொண்ணு. ஒரு நாள் உதைக்குது. ஞாயித்துக்கிழமை நிலோஃபர் எங்க இருந்தா?"

அன்று அவள் லைங் தாயாவில் தன் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள் என்றாள் மதீனா பீவி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது.

"அன்னைக்கு மாத்திரை கொடுத்தது?"

"நான்தான்."

"முழுசாவா?"

"முழுசாத்தான். பாதி கொடுக்க நான் என்ன பிசினாறியா?"

கனகாம்பாளின் பென்சில் அந்தரத்தில் நின்றது. பன்னிரண்டு நாளில் பதினொரு நாள் நிலோஃபர் கையால் சாப்பிட்டிருக்கிறார், விழவில்லை. ஒரே ஒரு நாள் மதீனா பீவி கையால் சாப்பிட்டார், விழுந்தார். அவள் மெல்ல நிமிர்ந்து மதீனா பீவியைப் பார்த்தாள். மதீனா பீவி அவளை முறைத்த முறைப்பில், வாய்க்கு வந்த கிண்டலை அப்படியே முழுங்கிவிட்டாள்.

ராஜரத்தினம் கண்ணைக் காட்டவும் கனகாம்பாள் அடுப்படிக்குப் போனாள். நிலோஃபர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை கட்டியாயிற்று. தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே பெண் கிளம்பத் தயாராகிவிட்டாள் என்பது கனகாம்பாளுக்குச் சுருக்கென்றது. தமிழ் அவளுக்குப் புரியும், பேச்சு வருவது பர்மா பாஷையில்தான். அதனால் கனகாம்பாளும் அந்த பாஷையிலேயே கேட்டாள்.

பெண் தயங்கித் தயங்கிச் சொன்னது இவ்வளவுதான். இரண்டாவது தடவை மாமா விழுந்தபோது அவள்தான் தாங்கிப் பிடித்தாள். கை ஐஸாக இருந்தது. ஃபாக்டரியில் முதலுதவி சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நாடியை எண்ணிப் பார்த்தாள். நிமிஷத்துக்கு நாற்பத்து நாலு. மாத்திரை அதிகமோ என்று பயந்து மறுநாளிலிருந்தே பாதியாக்கினாள். ஆனால் முதல் பொட்டலம் வாங்கப் போன அன்றே டாக்டரம்மா, இதை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, என்ன கோளாறு என்றாலும் இங்கே வந்து கேள் என்று சொல்லியிருந்தார். கேட்கத்தான் நூல் சாக்குச் சொல்லிப் போனாள். கிளினிக் பூட்டியிருந்தது, அடுத்த வார வெள்ளிக்கிழமைதான் திறக்கும் என்று அட்டை தொங்கியது. அதனால் பாதியாகவே கொடுத்து வந்தாள்.

"இதை அவங்ககிட்ட ஏன் சொல்லல?"

இதற்கு மட்டும் நிலோஃபர் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பதில் சொன்னாள். "மருந்துல கை வெச்சேன்னு நானே சொன்னா, மீதியை அவங்களே சொல்லிக்குவாங்க."

கனகாம்பாளுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. கதை ரொம்ப ஒழுங்காக இருக்கிறதே என்று தோன்றியது. அதைவிடப் பெரிய உறுத்தல் வேறு ஒன்று. அதே டாக்டரம்மாவிடம் அதே வெள்ளை மாத்திரையைத்தான் கனகாம்பாளும் தன் கொதிப்புக்கு வாங்குகிறாள். அதைச் சாப்பிட்டு அவள் எங்கும் விழுந்ததில்லை. அவள் சாப்பிடுவது தலை கிர்ரென்கிற நாளில் மட்டும் என்பது வேறு கதை.

கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் ராஜரத்தினத்திடம் ஒப்பித்தாள். அவர் மோவாயைத் தடவினார். "ஒரு மாத்திரையில ஆறு வருஷம் விழாத மனுஷன் இப்ப விழறாருன்னா, கூட ஏதோ ஒண்ணு உள்ள போகுது. பாய், காலையில எட்டு மணிக்கு மாத்திரை. அதுக்கு முன்னாடி உங்க வாயில என்ன போகுது?"

"சுபுஹு தொழுதுட்டு ஒரு டம்ளர் தண்ணி. வேற ஒண்ணுமில்ல."

தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்த மூலையில் அந்த டம்ளர் இருந்தது. கனகாம்பாள் குனிந்து எடுத்தாள். அடியில் நகத்தளவு வெள்ளிக் காகிதம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் பாய், தண்ணிக்கு ஜரிகை வெச்சா குடிக்கிறீங்க?"

பீர் முகைதீன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னை இழுத்தார். மூடியைத் திறந்ததும் அத்தர் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. நாகூரிலிருந்து மச்சான் அய்யூப், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆள் வசம் கொடுத்தனுப்பிய ஊர்ப் பெட்டி. பனங்கற்கண்டு, தைலம், அத்தர் குப்பி, அவற்றின் அடியில் கத்தையாக மாத்திரை அட்டைகள். காலையில் ஒன்று, பிரஷருக்கு நல்லது என்று மச்சான் எழுதியிருந்தார். புதன்கிழமையிலிருந்து பயத்தில் இதையும் தொடவில்லையாம்.

"இதைத்தான் நாங்க அரை மணி நேரமாக் கேக்கிறோம்" என்றார் ராஜரத்தினம்.

"நீங்க மருந்தைக் கேட்டீங்க. இது ஊர்லேருந்து வந்ததுல்ல? மச்சான் அனுப்புனது."

"டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"அதெப்படிச் சொல்றது? ஆறு வருஷமாப் பாக்குற அம்மா. உங்க மருந்து பத்தல, ஊர்லேருந்து தருவிச்சேன்னா மனசு கஷ்டப்படாதா? ஆனாடே இல்லையா?"

ஆனாடே. அடுத்தவர் முகம் கோணிவிடுமோ என்று கூசிக் கூசியே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடும் அந்த பர்மியப் பழக்கம், மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழர்களுக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. டாக்டரம்மாவின் மாத்திரையை விட்டால் அவருக்கு மனவருத்தம். மச்சானின் மாத்திரையைச் சாப்பிடாவிட்டால் மச்சானுக்கு மனவருத்தம். மனுஷன் யாரையும் வருத்தப்படுத்தாமல் இரண்டையும் விழுங்கியிருக்கிறார்.

ராஜரத்தினம் ஒரு அட்டையையும் ஒரு வெள்ளை மாத்திரையையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். மணி பத்தரை. ஒன்றரைக்குப் பெரியவர்கள் வந்துவிடுவார்கள். பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போகும்போது கனகாம்பாளின் சந்தேகம் இப்போது கடல் தாண்டி நாகூருக்குப் போய்விட்டிருந்தது. அந்த மச்சானுக்குப் பாய் மேல் ஏதாவது பழைய கோபம் இருக்குமோ, அட்டைக்குள் மாத்திரைதான் இருக்கிறதா என்று அடுக்கினாள்.

"மருமக, மாமியா, மச்சான். இன்னும் டிரைவர்தான் பாக்கி" என்றார் ராஜரத்தினம்.

"அவனையும்தான் சந்தேகப்படுறேன். இப்படி ஓட்டுறவன் யாரையும் விட்டு வெக்க மாட்டான்."

பசுந்தாங்கில் கிளினிக் திறந்திருந்தது, ஆனால் கூட்டத்தில் இவர்கள் முறை வர மணி ஒன்றாகிவிட்டது. பேரனைத் துறவு மடத்தில் சேர்க்கும் விழாவுக்குப் போயிருந்த டோ சான் யீ அன்று காலைதான் திரும்பியிருந்தார். அட்டையின் பின்பக்கத்து எழுத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். வெள்ளை மாத்திரையைப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் விரலால் அவர்கள் பக்கம் தள்ளினார்.

இரண்டும் ஒரே மருந்து என்றார். ஒரே அளவுகூட. கம்பெனி வேறு, உறை வேறு, அவ்வளவுதான். இதயத்தின் ஓட்டத்தை நிதானப்படுத்துகிற மருந்து. ஒன்று போட்டால் அது நிதானமாக ஓடும். இந்த வயதில் தினம் இரண்டு போட்டால் அளவுக்கு மீறித் தளர்ந்துவிடும். கை கால் சில்லிடும், எழுந்தால் மயக்கம் வரும். பாதியாகக் குறைத்த நாட்களில் அவர் விழாதது அதனால்தான்.

கனகாம்பாள் பெருமூச்சு விட்டாள். விஷமும் இல்லை, வஞ்சகமும் இல்லை. நாகூர் மச்சானையும் மன்னித்துவிடலாம். "நல்லவேளை டாக்டரம்மா. டப்பா அகப்பட்ட பயத்துல புதன்கிழமையிலேருந்து பாய் எந்த மாத்திரையையும் தொடல. ரெண்டையும் அடியோட நிறுத்திட்டாரு."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"நெஞ்சு படபடக்குதுன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

சொன்னார் என்றார் ராஜரத்தினம். அவர் முகம் மாறிவிட்டது. விஷம் வெளியேறுகிறது என்று அந்த மனிதர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறோமே என்று அவர் முணுமுணுத்தது கனகாம்பாளுக்குக் கேட்டது.

டோ சான் யீ அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியிருந்தார். டாக்ஸியில்தான் மீதியைச் சொன்னார். இத்தனை நாள் அடங்கிக் கிடந்த இதயம், மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் முன்னைவிட வேகமாகப் பாயும், கொதிப்பு எகிறும். சிலருக்கு மாரடைப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். கூடுதலாகச் சாப்பிட்டபோது இருந்த ஆபத்தைவிட இப்போது இருக்கும் ஆபத்து பெரியது. சொல்லிவிட்டுச் சட்டென்று கனகாம்பாள் பக்கம் திரும்பினார்.

"நீ தினம் போடுறியா, மா கனகா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் கனகாம்பாள், ஜன்னலுக்கு வெளியே போகிற வருகிற பஸ்களை எண்ணத் தொடங்கினாள்.

வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. பெரியவர்கள் வந்துவிட்டார்கள். பீர் முகைதீன் நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். யார் தண்ணீர் நீட்டினாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கதவோரத்தில் நிலோஃபர் மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். போ என்று சொல்லியாகிவிட்டது, அவர் இப்படிக் கிடக்கும்போது போக அவளுக்குக் கால் வரவில்லை.

டாக்டரம்மா கைப்பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். குழலை வைத்து நெஞ்சைக் கேட்டார். பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, இதை இப்போதே போட வேண்டும், அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத்தைப் படமெடுக்க வேண்டும் என்றார். பீர் முகைதீன் வாயை இறுக மூடிக்கொண்டார். அதில்தான் விஷம் என்று பல்லிடுக்கில் சொன்னார்.

ராஜரத்தினம் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "பாய், உங்களுக்குக் கள்ளத்தனமா இன்னொரு மாத்திரை கொடுத்த ஆளைக் கண்டுபிடிச்சிட்டோம்."

பெரியவர்கள் நாலு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். ஒருவர் நிலோஃபரைத் திரும்பிப் பார்த்தார்.

"தினமும் காலையில அஞ்சரை மணி. வீடு முழுக்கத் தூங்குற நேரம். தொழுகைப் பாய்க்குப் பக்கத்துல வெச்சு, ஒரு டம்ளர் தண்ணியோட."

"யாரு?" என்றார் பீர் முகைதீன், மூச்சு வாங்க.

"நீங்க."

அட்டையையும் வெள்ளை மாத்திரையையும் அவர் மடியில் வைத்தார். இரண்டும் ஒன்று என்பதைச் சொன்னார். மூன்றாவது தடவை விழுந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். மருதாணி டப்பாவில் இருந்த பதினொன்றும் அவருக்குள் போகாமல் தடுக்கப்பட்ட பதினொன்று என்று சொன்னார். டாக்டரம்மா நிலோஃபரிடம், என்னைக் கேட்காமல் நீயாகப் பாதியாக்கியதும் தப்புத்தான், கதவு இடுக்கில் ஒரு சீட்டாவது போட்டிருக்கலாம் என்று கறாராகச் சொன்னார். பிறகு, ஆனால் அடியோடு நிறுத்தாமல் விட்டாயே, அந்த மட்டில் நல்லது என்றார். மதீனா பீவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவளே அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கணவரிடம் நீட்டினாள். பீர் முகைதீன் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. கண் கதவோரத்துக்குப் போயிற்று. அவருக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"அம்மா நிலோஃபர், இங்க வா" என்றார். அவள் வந்து நின்றதும் உள்ளங்கையை நீட்டாமல் மணிக்கட்டைத் திருப்பி நீட்டினார். "எண்ணிப் பாத்துட்டு, நீயே கொடு."

மணிக்கட்டைப் பிடிக்க ஒரு கையும், கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க ஒரு கையும் வேண்டியிருந்தது. நிலோஃபர் மூட்டையைக் கீழே வைத்தாள்.